நிபுணர்களைக் கூட்டிப் பேசவைக்கப் பணம் கொடுக்கலாமா? மேசி மாநாடுகளை வைத்து ஒரு பதில்

ஒரு சிறிய அறக்கட்டளையில் அறங்காவலராக இருக்கிறீர்கள். உளவியல், மனநலம் பற்றி நிபுணர் கூட்டங்கள் நடத்த நிதி கேட்டு உங்களுக்கு ஒரு விண்ணப்பம் வந்திருக்கிறது. "அமெரிக்காவில் மேசி அறக்கட்டளை இப்படிக் கூட்டங்கள் நடத்தித்தான் உளவியலையே மாற்றியது" என்று அதில் ஒரு வரி இருக்கிறது, அது உண்மையா என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசியில், "அந்தப் பணத்துக்கு நாலு பேருக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தால் புண்ணியமாவது சேருமே" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். உங்கள் நிஜமான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். படித்தவர்கள் ஏ.சி. அறையில் இரண்டு நாள் உட்கார்ந்து பேசுவதால், வார்டில் இருக்கும் ஒருவருக்கு ஏதாவது வந்து சேருமா?

மேசி கூட்டங்கள் உளவியலை "மாற்றின" என்பது விண்ணப்பத்துக்காக ஊதிய வரி. அவற்றால் ஒன்றுமே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. நடந்தவற்றில் சில நல்லவை, ஒன்று ரொம்பவே மோசமானது. நான் மருத்துவ உளவியல் படித்து, பிறகு உளவியல் வரலாறு பாடம் எடுத்தவன். அந்தக் கூட்டங்களின் அச்சான பதிவுகளை வகுப்புக்காகத் திரும்பத் திரும்பப் படித்த பழக்கத்தில் எழுதுகிறேன். அங்கே பேசப்பட்ட கணிதத்தைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். அந்தப் பக்கங்களை நானும் புரட்டிக்கொண்டு போனவன்தான்.

முதலில் அறக்கட்டளை. கேட் மேசி லாட் என்ற அம்மையார் தன் தந்தை ஜோசையா மேசி ஜூனியரின் நினைவாக 1930-ல் 50 லட்சம் டாலர் கொடுத்துத் தொடங்கியது. கப்பல், எண்ணெய் வியாபாரத்தில் சம்பாதித்த, குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். அவரே வாழ்நாளில் பெரும்பகுதியை நோயோடு கழித்தவர். நன்கொடைக் கடிதத்தில், கட்டடங்களையும் ஆய்வுக்கூடங்களையும் கட்டுவதைவிடக் கருத்துகளைக் கட்டுவதில் இந்த அறக்கட்டளை அக்கறை காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தார். அறங்காவலரான உங்களுக்கு இது முக்கியம். கூட்டங்களுக்குச் செலவழித்தது யாரோ ஒரு நிர்வாகிக்குப் பிற்பாடு தோன்றிய யோசனை இல்லை, பணம் கொடுத்தவரே அந்த வழியைக் காட்டியிருந்தார்.

அந்த விருப்பத்துக்கு உருவம் கொடுத்தவர் ஃபிராங்க் ஃபிரீமன்ட்-ஸ்மித் என்ற மருத்துவர். மருத்துவத் துறைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதே இல்லை என்பது அவருடைய தீராத குறை. அவர் வகுத்த முறையை விவரமாகச் சொல்கிறேன். மேசியின் பெயரைச் சொல்லி நிதி கேட்கும் பலர் இந்த முறையைத்தான் விட்டுவிடுகிறார்கள். ஒரு தலைப்புக்கு ஒரு குழு. இருபது, இருபத்தைந்து பேருக்கு மேல் கிடையாது. பெரும்பாலும் அதே ஆட்கள் பல வருடங்கள் திரும்பத் திரும்பச் சந்திக்க வேண்டும். அவர்களோடு சில விருந்தினர்கள் மட்டும் ஒவ்வொரு முறையும் மாறுவார்கள். கட்டுரையை வாசித்துவிட்டு உட்கார்ந்துவிட முடியாது. ஒருவர் பேசத் தொடங்கினால் யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் குறுக்கிடலாம். இரண்டு நாள் கூட்டத்தில் மூன்று நான்கு பேர் பேசினாலே அதிகம். பிற்பாடு இந்த வாக்குவாதங்களை எழுத்தாக்கி, சண்டை சச்சரவு உட்பட அச்சிட்டார்கள்.

உளவியலுக்கு நெருக்கமான கதை 1942 மே மாதம் நியூயார்க்கில் நடந்த ஒரு சிறு கூட்டத்தில் தொடங்குகிறது. பேசப்பட்ட விஷயம் ஹிப்னாடிசமும் பழக்கப்படுத்தப்பட்ட அனிச்சைச் செயலும் (மணி அடித்தாலே நாய்க்கு எச்சில் ஊறுவது மாதிரி). மனோவசியத்தில் பெயர் பெற்ற மில்டன் எரிக்சன், விலங்குகளை வைத்து அனிச்சைச் செயலை ஆராய்ந்த ஹோவர்ட் லிடெல், மானுடவியலாளர்களான மார்கரெட் மீட், கிரிகரி பேட்சன், ஃபிராய்ட் வழி உளப்பகுப்பாய்வாளர் லாரன்ஸ் கியூபி, மனநல மருத்துவமும் நரம்பியலும் படித்த வாரன் மெக்கல்லக் எல்லாரும் இருந்தார்கள். அங்கே ஆர்ட்டுரோ ரோசன்புளூத் என்ற உடலியல் அறிஞர், கணிதவியலாளர் நார்பர்ட் வீனரோடு சேர்ந்து யோசித்துக்கொண்டிருந்த ஒன்றைச் சொன்னார். சிறுமூளை பாதிக்கப்பட்ட ஒருவர் கோப்பையை எடுக்கக் கை நீட்டினால், கை இலக்கைத் தாண்டிப் போய், திரும்பி, மறுபடி தாண்டி ஆடுகிறது. விமானத்தைச் சுடத் தானாகக் குறிபார்க்கும் பீரங்கியும் சில சமயம் இதே மாதிரி ஆடுகிறது. இரண்டிலும் கோளாறு ஒரே இடத்தில்: செய்த செயலின் விளைவு திரும்பி வந்து அடுத்த செயலைத் திருத்தும் சுற்றில். இன்றைக்கு நாம் பின்னூட்டம் (ஃபீட்பேக்) என்று சாதாரணமாகச் சொல்வது இதுதான்.

போர் முடிந்ததும் 1946 மார்ச்சில், மெக்கல்லக் தலைமையில் இதற்கென்றே ஒரு தொடர் தொடங்கியது. 1953 வரை பத்துக் கூட்டங்கள். பின்னாளில் சைபர்னெடிக்ஸ் (உயிர்களிலும் இயந்திரங்களிலும் கட்டுப்பாடும் செய்தியும் எப்படி இயங்குகின்றன என்று பார்க்கும் இயல்) மாநாடுகள் என்று பெயர் பெற்றவை இவைதான். முதல் கூட்டத்தில் தன் பல் ஒன்று உடைந்துபோனதையே கூட்டம் முடிகிறவரை கவனிக்கவில்லை என்று மார்கரெட் மீட் பிற்பாடு சொல்லியிருக்கிறார். அவ்வளவு சுவாரசியமாக இருந்ததாம். (நான் உட்கார்ந்த மாநாடுகளில் பெரும்பாலும் சாப்பாட்டு நேரம்தான் நினைவில் நின்றது.)

உளவியலுக்கு அங்கே என்ன கிடைத்தது? கியூபியை எடுத்துக்கொள்வோம். மூளையில் மின்கிளர்ச்சி மூடிய வட்டங்களில் சுற்றிக்கொண்டே இருக்கலாம் என்று 1930-லேயே கட்டுரை எழுதியவர் அவர். பிறகு உளப்பகுப்பாய்வுக்குப் போனார். நியூரோசிஸ் என்ற மனக்கலக்க நோயின் அடையாளம், ஒரே செயலை விளைவு எதுவானாலும் மாற்றிக்கொள்ள முடியாமல் திரும்பச் செய்வது என்று கூட்டங்களில் வாதாடினார். கை கழுவிக்கொண்டே இருப்பவரைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். ஆனால் நனவிலி மனம் என்று அவர் பேச்செடுத்தால் கணிதக்காரர்களும் நரம்பியல்காரர்களும் "எங்கே இருக்கிறது, எப்படி அளப்பது" என்று பிடித்துக்கொள்வார்கள். தலைவர் மெக்கல்லக்குக்கே உளப்பகுப்பாய்வு ஆகாது. 1952-ல் சிகாகோவில் ஃபிராய்டைக் கிண்டலடித்து ஒரு முழு உரையே நிகழ்த்தினார். பத்துக் கூட்டங்கள் முடிந்தும் இந்தச் சண்டை தீரவில்லை. அச்சான பதிவுகளில் யாரும் யாரையும் ஒப்புக்கொள்ளவைத்த மாதிரி தெரியவில்லை. "கூட்டத்தின் முடிவில் ஒருமித்த பரிந்துரைகள் வெளியிடப்படும்" என்று எழுதிக்கொண்டு வருபவர்களை நான் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

குழு உளவியலின் முன்னோடியான கர்ட் லெவின் முதல் சில கூட்டங்களில் இருந்தார். 1947 பிப்ரவரியில் இறந்துபோனார். அதே வருடம் கோடையில் மெய்ன் மாநிலத்தின் பெத்தல் ஊரில் அவருடைய மாணவர்களும் சகாக்களும் தொடங்கிய குழுப் பயிற்சிகளில் ஃபீட்பேக் என்ற சொல் புழங்கத் தொடங்கி, இன்று நம் ஊர் ஹெச்.ஆர். வரை வந்திருக்கிறது. மேசி அறையிலிருந்து பெத்தலுக்கு நேர்க்கோடு போட்டுக் காட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அது அவ்வளவு உறுதியாகத் தோன்றவில்லை. போர்க்காலப் பொறியியலிலிருந்து அந்தச் சொல் அப்போது பல வாசல் வழியாக வெளியே வந்துகொண்டிருந்தது.

சந்தேகமில்லாத கோடு பேட்சனுடையது. அவர் அந்தக் கூட்டங்களின் மைய ஆட்களில் ஒருவர். அங்கே கேட்ட சுற்று, செய்தி, செய்தியைப் பற்றிய செய்தி ஆகிய கருத்துகளை எடுத்துக்கொண்டு கலிபோர்னியாவுக்குப் போனார். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரீனியா) உள்ளவர்களின் பேச்சை ஆராய 1954-ல் அவருடைய குழுவுக்கு மேசி அறக்கட்டளையே நிதி கொடுத்தது. டான் ஜாக்சன், ஜே ஹேலி, ஜான் வீக்லாண்ட் ஆகியோரோடு சேர்ந்து 1956-ல் அவர் வெளியிட்ட கட்டுரைதான் 'டபுள் பைண்ட்' கோட்பாடு. அதில் வரும் ஓர் உதாரணம் பிரபலமானது. மருத்துவமனையில் தேறிவரும் மகனைப் பார்க்கத் தாய் வருகிறாள். மகன் ஆசையாகத் தோளில் கை போடுகிறான். அவள் உடம்பு விறைக்கிறது. அவன் கையை எடுத்ததும், "என் மேல உனக்குப் பாசம் போயிடுச்சா?" என்கிறாள். கையைப் போட்டாலும் தப்பு, எடுத்தாலும் தப்பு. இது முரண்பாடு என்று சுட்டிக்காட்டவும் முடியாது, எழுந்து போகவும் முடியாது. இப்படிப்பட்ட சூழலிலேயே வளரும் குழந்தைக்கு மனச்சிதைவு வரலாம் என்பது அவர்கள் வாதம்.

இதிலிருந்து இரண்டு கிளைகள் பிரிந்தன. ஒன்று குடும்ப சிகிச்சை. நோயாளியை மட்டும் தனியாக உட்காரவைக்காமல் குடும்பத்தையே ஒரு சுற்றாகப் பார்ப்பது, ஒருவர் தேறினால் இன்னொருவர் ஏன் தடுமாறுகிறார் என்று கேட்பது. இந்தப் பார்வை பேட்சன் குழுவிலிருந்து வளர்ந்தது, இன்றும் எங்கள் தொழிலில் தினசரி பயன்படுகிறது. தம்பதிச் சண்டையிலும் பிள்ளைகளின் பிரச்சினையிலும் நானே அதன் பலனைப் பார்த்திருக்கிறேன். இன்னொரு கிளை, மனச்சிதைவுக்குக் காரணம் தாய்தான் என்ற பேச்சுக்குக் கிடைத்த விஞ்ஞானச் சாயம். அந்தப் பேச்சு பேட்சனுக்கு முன்பே இருந்தது. 1948-லேயே ஃபிரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்ற மனநல மருத்துவர் அப்படிப்பட்ட தாயைப் பற்றி எழுதிவிட்டார். டபுள் பைண்ட் அதற்கு வலுச் சேர்த்தது. இன்று நிலைமை தெளிவு: இப்படிப்பட்ட பேச்சுமுறை மனச்சிதைவை உண்டாக்குகிறது என்பதற்கு ஆதாரம் நிற்கவில்லை. மரபணுவின் பங்கு பெரியது. குடும்பச் சூழல் நோய் திரும்ப வருவதைப் பாதிக்கிறது என்பதும், குடும்பத்தாருக்கு நோயைப் புரியவைத்துக் கைகொடுத்தால் திரும்ப வருவது குறைகிறது என்பதும் பல ஆய்வுகளில் உறுதியானவை. நோய் வரக் காரணம் வேறு, வந்த நோய் திரும்புவதற்குக் காரணம் வேறு என்ற வேறுபாட்டைக் கவனிக்காததால், எத்தனையோ தாய்மார்கள் இரண்டு தலைமுறைக்குக் குற்ற உணர்ச்சியைச் சுமந்தார்கள்.

அந்தத் தாய்மார்களில் ஒருவராவது அந்த அறைகளில் உட்கார்ந்து, பேட்சனையோ கியூபியையோ குறுக்கிட்டுக் கேள்வி கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிப்பேன். யார் வேண்டுமானாலும் குறுக்கிடலாம் என்பது ஃபிரீமன்ட்-ஸ்மித்தின் பெருமைக்குரிய விதி. ஆனால் அந்த "யார் வேண்டுமானாலும்" என்பது அழைப்பிதழ் போன இருபத்தைந்து பேர்தான். அதே 1950களில் அமிர்தசரஸில் வித்யாசாகர் என்ற மனநல மருத்துவர், நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கட்டும் என்று மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் அடித்துக் கொடுத்தார். நம் வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையத்திலும் குடும்பத்தார் உடன் தங்கும் முறை அந்தக் காலத்திலேயே வந்துவிட்டது. பேட்சன் குழு இருந்த கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் குடும்பத்தை நோயின் ஊற்றாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இங்கே இடமும் ஆளும் போதாத நெருக்கடியில், குடும்பத்தைச் சிகிச்சையில் கூட்டாளியாக்கியிருந்தார்கள். காலம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது தெரிந்ததே.

மாத்திரை விஷயத்துக்கும் வருகிறேன், நீங்கள் கேட்டதால். மனநல வார்டுகளின் முகத்தையே மாற்றிய குளோர்புரோமசின், 1952-ல் பாரிஸில் ழான் டிலே, பியேர் டெனிக்கர் ஆகியோரின் கையில் மனநோய்க்கு மருந்தானது. அதற்கு வழி திறந்தவர் ஆன்றி லபோரி என்ற அறுவை மருத்துவர். அவர் தேடிக்கொண்டிருந்தது அறுவை சிகிச்சையின் அதிர்ச்சியைக் குறைக்கும் மருந்தை. நியூயார்க்கில் மனமும் இயந்திரமும் பற்றி வாதாடிக்கொண்டிருந்த யாருக்கும் இதில் பங்கு இல்லை. ஒரே பத்தாண்டில் நோயாளிக்கு நேராக என்ன போய்ச் சேர்ந்தது என்று மட்டும் கணக்கெடுத்தால், உங்கள் மாத்திரைக் கட்சிதான் ஜெயிக்கும்.

ஆனால் மாத்திரையால் பார்க்க முடியாத ஒன்றை ஒரு மேசி கூட்டம் பார்த்தது. குழுச் செயல்பாடுகள் பற்றி அறக்கட்டளை நடத்திய இன்னொரு தொடரில், 1956-ல், எர்விங் காஃப்மன் என்ற இளம் சமூகவியலாளர் பேசினார். வாஷிங்டனின் செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனையில் நோயாளிகளோடு பழகி, அங்கே நாள் முழுக்க என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தவர். உடைமைகளைப் பறிப்பது, கூட்டமாகக் குளிக்கவைப்பது, கோபப்பட்டால் அதையே நோயின் அறிகுறியாகக் குறித்துக்கொள்வது. இப்படிப்பட்ட இடங்கள் ஆளை எப்படிக் கழற்றிப்போடுகின்றன என்று, மனநல மருத்துவர்கள் நிறைந்த அறையில் சொன்னார். அவர்களும் வழக்கம்போல் குறுக்கிட்டுக்கொண்டே இருந்தார்கள். இந்தச் சரக்குதான் விரிந்து 1961-ல் 'அசைலம்ஸ்' என்ற நூலானது. பெரிய மனநல மருத்துவமனைகளை மூட வேண்டும் என்ற வாதத்துக்கு அது ஆயுதமானது. அந்தக் கூட்டம் இல்லாவிட்டாலும் காஃப்மன் எழுதியிருப்பார். எதிர்த்தரப்பின் கேள்விகளை அச்சுக்கு முன்பே ஒரு முறை முழுசாகக் கேட்டுக்கொண்டது அவருக்குக் கிடைத்த லாபம் என்பது என் ஊகம்.

இதே மாதிரி இன்னொரு கணக்கையும் நேர்மையாகப் போட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 1953 முதல் 1956 வரை குழந்தை வளர்ச்சி பற்றி நான்கு கூட்டங்கள் நடத்தியது. தலைமை ஃபிரீமன்ட்-ஸ்மித், முறையும் மேசி முறையே. குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த பியாஜே, தாய்-சேய் பிணைப்பை ஆராய்ந்த பௌல்பி, விலங்கு நடத்தையை ஆராய்ந்த லோரன்ஸ், நாம் பார்த்த மீட் எல்லாரும் ஒரே மேசையில். படிக்க அருமையான பதிவு. ஆனால் அந்தக் காலத்தில் குழந்தைகளின் வாழ்க்கையில் நடந்த பெரிய மாற்றம், மருத்துவமனையில் படுத்திருக்கும் குழந்தையைப் பெற்றோர் தாராளமாகப் பார்க்கலாம் என்ற பிரிட்டனின் 1959 பிளாட் அறிக்கை. அதற்குப் பின்னால் இருந்தது பௌல்பியின் சகாவான ஜேம்ஸ் ராபர்ட்சன் வார்டுகளில் உட்கார்ந்து எடுத்த படமும் குறிப்புகளும். பௌல்பியின் கோட்பாடு வேறு பல ஊற்றுகளிலிருந்தும் வந்தது. அந்த மேசைக்கு இதில் எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

கடைசியாகப் பணத்தின் நிறம். அறக்கட்டளைக்காரர் என்பதால் இதை நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். மேசியின் 'நனவு' பற்றிய தொடரைப் பதிப்பித்தவர் ஹெரால்ட் ஆப்ராம்சன் என்ற மருத்துவர். 1959-ல் எல்.எஸ்.டி. என்ற, மாயக்காட்சிகளை உண்டாக்கும் மருந்தை உளசிகிச்சையில் பயன்படுத்துவது பற்றி மேசி நடத்திய மாநாட்டின் பதிப்பாளரும் அவரே. அவருடைய எல்.எஸ்.டி. ஆராய்ச்சிக்கு சி.ஐ.ஏ. பணம் வந்துகொண்டிருந்தது பல வருடம் கழித்துத்தான் வெளியே தெரிந்தது. மனிதச் சூழலியல் ஆய்வுச் சங்கம் என்று கேட்க அழகாக இருந்த இன்னோர் அமைப்பு முழுக்கவே சி.ஐ.ஏ.வின் முகமூடி. மாண்ட்ரியலில் யூவன் கேமரன் என்ற மனநல மருத்துவர் நோயாளிகள் மேல் நடத்திய கொடூரமான சோதனைகளுக்குப் பணம் போனது அதன் வழியாகத்தான். 1977-ல் அமெரிக்க செனட் விசாரணையில் இதெல்லாம் பதிவாயிற்று. எல்.எஸ்.டி. மாநாட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் தெரிந்தே துணைபோனார்கள் என்று சொல்ல ஆதாரம் இல்லை. பெரும்பாலோர் சிகிச்சையில் ஆர்வமுள்ள மருத்துவர்கள். ஆனால் பக்கத்து நாற்காலிக்காரருக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று தெரியாமல் நடக்கும் கூட்டத்தில், எந்தக் கேள்வி கேட்கப்படும், எது கேட்கப்படாது என்பதும் பணத்தோடு சேர்ந்தே தீர்மானமாகிவிடும். இன்று அந்த நாற்காலியில் மருந்துக் கம்பெனியோ ஆலோசனைச் செயலியோ உட்கார்ந்திருக்கலாம்.

உங்கள் முடிவுக்கு வருவோம். உங்களிடம் இருப்பது ஒரே ஒரு தொகை, உங்கள் வட்டாரத்தில் சிகிச்சை பாதியில் நிற்கும் ஆட்கள் இருக்கிறார்கள் என்றால், தயங்காமல் அவர்களுக்குச் செலவிடுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தில் மாத்திரை இலவசமாகவே கிடைக்க வேண்டும், அதனால் முதலில் அங்கே விசாரியுங்கள். பல குடும்பங்களுக்குப் பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலி இழப்பும்தான் மாத்திரையைவிடப் பெரிய தடை. அதற்குக் கொடுக்கும் பணம் வீணாகாது.

அதற்கு மேலும் பணம் இருந்து கூட்டத்துக்குக் கொடுப்பதாக இருந்தால், விண்ணப்பதாரரிடம் சில விஷயங்களைக் கறாராகக் கேளுங்கள். ஒரு தடவை கூடிக் கலைவதா, அல்லது அதே பதினைந்து, இருபது பேர் மூன்று வருடம் சேர்ந்து வருவார்களா? ஒரு தடவை என்றால் என் சிபாரிசு: வேண்டாம். முதல் கூட்டத்தில் எல்லாரும் தங்கள் பழைய உரையைத்தான் சொல்வார்கள்; ஒருவர் பேச்சு இன்னொருவருக்குப் புரியத் தொடங்குவதற்கே இரண்டாம் வருடம் ஆகிவிடும். நோயிலிருந்து மீண்டவர்களும் பராமரிக்கும் குடும்பத்தாரும் உறுப்பினர்களாக உட்காருவார்களா என்று கேளுங்கள். கடைசி நாளில் "அனுபவப் பகிர்வு" என்று பத்து நிமிடம் ஒதுக்குவது கணக்கில் சேராது. வேறு யாரிடம் பணம் வாங்குகிறார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாக்குவாதங்கள் உட்பட முழுப் பதிவும் வெளியாகுமா என்றும் கேளுங்கள். மேசி கூட்டங்களின் தப்புகளை நாம் இன்று இவ்வளவு பேச முடிவதே அவர்கள் அவற்றை அச்சிட்டு வைத்ததால்தான்.

பிறகு பட்ஜெட் பக்கத்தைப் பாருங்கள். மேடை, பேனர், பொன்னாடை, நினைவுப் பரிசுக்கு ஒதுக்கியது, பேச்சைப் பதிவுசெய்து எழுத்தாக்க ஒதுக்கியதைவிட அதிகமாக இருந்தால், விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.